ஈரத்தோடு சூளை ஏறிய சிலை

சார், உங்கள் கையெழுத்தில் உள்ள ஒரு சீட்டு முப்பது வருடமாக என் தகரப் பெட்டியில் கிடக்கிறது. யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லப் பயம். இன்று காலை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘ஈரம் இருக்கிறது. அடுத்த தடவை வைக்கவும்.’ படித்துவிட்டேன் என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் அது என்ன சொல்கிறது என்று உறைத்தது. நீங்கள் கண்ணை மூடி இன்றோடு ஒரு மாதம்.

முதியோர் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் மங்கலம்பேட்டை அம்மா, “என்னா பெரியவரே, தாசில்தாரு ஆவப் போறீங்களா?” என்று கேலி செய்வார். செய்யட்டும். ‘சூளை’ என்று கரும்பலகையில் எழுதிய அன்று எனக்கு இடத்துக்குத் திரும்பவே மனமில்லை.

பீங்கான் சூளையில் பொம்மை அடுக்குவது என் வேலை. நீங்கள் பள்ளியில் டிராயிங் சார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவீர்கள், நாடகத்துக்குத் திரை தீட்டுவீர்கள், மாதா சிலையில் விரல் உடைந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் செய்த பொம்மைகளைச் சுடக் கொண்டுவருவீர்கள். ஒவ்வொன்றின் மேலும் பெயர்ச்சீட்டு இருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்ணின் சிலை மேல் இருந்த இந்தச் சீட்டையும் அப்படித்தான் நினைத்து எடுத்து வைத்தேன். சென்னைக் கண்காட்சிக்காக நீங்கள் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தது. என் கன்னத்தை அதன்மேல் ஒட்டிப் பார்த்திருந்தால் ஈரம் சில்லென்று தெரிந்திருக்கும். அன்று அவசரம், பார்க்காமல் ஏற்றிவிட்டேன். சூளைக்குள் வெடித்துச் சிதறியது.

“யாருய்யா இத வெச்சது? நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லு!” என்று மேனேஜர் கத்தினார்.

நீங்கள் குறுக்கே வந்தீர்கள். “அவர ஏன் சார் வையிறீங்க? நான்தான் தடிமனா செஞ்சிட்டேன்.”

அதன் பிறகு வருடா வருடம் புதுப் பிள்ளைகளிடம் ஓர் உடைந்த துண்டைக் காட்டுவீர்கள். “பாருங்கடா, உங்க சாரு பண்ண தப்பு இது. பொம்மையோட செவுரு மெலிசா இருக்கணும்.” நானும் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அப்புறம் உங்கள் சீட்டுகளில் எழுத்தே இல்லை. காயாத பொம்மைக்கு ஒரு நீர்த்துளி, காய்ந்ததற்கு ஒரு சூரியன். “பசங்களுக்குப் புடிக்குதுண்ணே” என்றீர்கள். யாருக்காக வரைந்தீர்கள் என்று இன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் உங்கள் படத்தைத் திறக்கிறார்கள். உங்கள் மாணவர்கள் எல்லாரும் வருவார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி உங்கள் மகள் கேட்டிருக்கிறார். நான் இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறேன். திக்கினாலும் நானேதான் படிப்பேன்.

உங்கள் சிலையில் தப்பு எதுவும் இல்லை, சார். ஈரத்தோடு ஏற்றியவன் நான். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது.