குடைக்காரி இரண்டு முறை நடந்தாள்

பிப்ரவரி 4, ஞாயிறு

ஜெராக்ஸ் கடை மாடியில் இன்று எனக்குத்தான் வெற்றி. இருபத்திரண்டாம் கதையில் திருடன் ஓடும்போது இடது காலில் செருப்பு இல்லை. சுவரேறிக் குதித்ததும் இரண்டு காலிலும் இருக்கிறது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். ஜெராக்ஸ்காரர் பின்னால் ஓட்டிக் காட்டினார். கணக்கு டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டில் எழுதினார்: பிழை நாற்பது.

"எப்படிம்மா உங்க கண்ணுல மட்டும் மாட்டுது?" என்றார் தபால்காரர். ரிட்டயர் ஆகியும் அவருக்கு அதுதான் பெயர்.

"சட்டைக் கம்பெனியில இருபது வருஷமா செக்கிங்ல நிக்கிறேன். தையல் பிரிஞ்ச இடத்துல அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். உங்க முதுகுல ஒட்டாம விட்டேனேன்னு சந்தோஷப்படுங்க."

நாங்கள் நாலு பேர், ஒரே பைத்தியம். அந்தப் பழைய போலீஸ் தொடர் டிவிடி பெட்டியாக வந்ததிலிருந்து ஞாயிறு மதியம் ஒரு கதை, யார் கண்ணில் பிழை மாட்டுகிறது என்று போட்டி. மொத்தம் ஐம்பத்திரண்டு. கொலைகாரன் யாரென்று எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் கொட்டாவி விட்டால் ஆள் மாட்டினான் என்று அர்த்தம். நானும் ஒருநாள் வீட்டில் அதே மாதிரி விட்டுப் பார்த்தேன். "தூக்கம் வந்தா போய்ப் படு" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்த வாரம் இருபத்துமூன்றாம் கதை. போகாமல் இருந்துவிடலாமா?

பிப்ரவரி 7, புதன்

காய்ச்சல் என்று சொல்லலாம். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி புலம்புவேன் என்று அவர்களுக்குத் தெரியும். நம்பமாட்டார்கள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

போனேன். எல்லோருக்கும் முன்னால் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கடைத்தெருக் காட்சி. இன்ஸ்பெக்டர் பழக்கடை ஓரம் நிற்கிறார். அவருக்குப் பின்னால் குடை பிடித்த ஒரு பெண் இடமிருந்து வலமாகப் போகிறாள். கொஞ்ச நேரத்தில் அதே பெண் மறுபடியும் இடமிருந்து வலமாக. டீச்சர் துள்ளினார். "நிறுத்துங்க! போனவ திரும்பி வராமலே எப்படி மறுபடியும் போறா?"

இரண்டாம் முறை குடை பின்னால் சாய்ந்திருக்கிறது, முகம் தெரிகிறது. நேராக எங்களைப் பார்க்கிறாள். மூன்று விநாடி.

"யாரோ புது ஆளு. பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கிற மாதிரி பாக்குது பாருங்க" என்றார் ஜெராக்ஸ்காரர். எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்புத்தான் பெரிசு. பிழை நாற்பத்தொன்று, குடைக்காரி.

அது என் அக்கா.

பிப்ரவரி 12, திங்கள்

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட. அக்கா ஒருத்தி இருந்தாள், போய்விட்டாள் என்பது வரைக்கும்தான் அவருக்குத் தெரியும்.

எனக்குப் பதினாலு வயசு, அவளுக்குப் பத்தொன்பது. டைப் வகுப்புக்குப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷூட்டிங்கில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கப் போகிறாள் என்பது எனக்கும் தெரியாது. இந்தக் கதை ஓடிய அன்று சாயங்காலம் எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம். அவள் மட்டும் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பெட்டிக்குள் அவள் முகம். "அப்பா, நம்ம அக்கா! டிவில அக்கா!" என்று கை தட்டிக்கொண்டு குதித்தேன். எல்லோரும் தட்டுவார்கள் என்று நினைத்தேன். அப்பா எழுந்து டிவியை அணைத்தார். கூத்தாடிக்கு இந்த வீட்டில் இடம் இல்லை என்றார். அவள்மேல் கை ஓங்கினார். அடித்தார்.

விடிந்தபோது அலமாரியில் அவள் துணி வைக்கும் தட்டு காலி.

அப்பா சாகும்வரை அவளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அம்மா சாகும்வரை வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் எழுந்து நிற்பாள். நான் கேலி பேசக் கற்றுக்கொண்டேன். கேலி பேசுகிறவளிடம் யாரும் எதையும் துருவிக் கேட்பதில்லை.

நான் ஏன் தேடவில்லை? தேடினா கிடைச்சிடுவாளே. கிடைச்சா கேப்பாளே — ஏன்டி கத்தினேன்னு.

பிப்ரவரி 14, புதன்

ஷிப்ட் முடிந்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அந்தக் காட்சியை நிறுத்தி ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள் என்றேன். "எதுக்கு?" என்றார். "அம்பு ஸ்டிக்கர் ஒட்டத்தான்" என்றேன்.

தாள் சூடாக வெளியே வந்தது. அதை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார்.

சிரிக்கத்தான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், மனுஷர் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

படம் ஓடவில்லை. நான்தான் ஓடினேன், அக்கா கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி. டீச்சர் நோட்டை எடுத்து நாற்பத்தொன்றை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

"அடிக்காதீங்க டீச்சர். அவளைப் பத்தி எழுதி வெச்சிருக்கிற ஒரே நோட்டு அதுதான்."

தபால்காரர் செருமினார். "முப்பத்தஞ்சு வருஷம் வீட்டு நம்பர் இல்லாத கடுதாசியெல்லாம் கொண்டு சேத்திருக்கேன். இதெல்லாம் ஒரு வேலையா?"

கடைசியில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் பெயர் கிடைத்தது. மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம். வாழ்க்கையில் முதல் கேஸ்!

நான் வேண்டாம் என்றேன். யார் காதில் விழுந்தது?

பிப்ரவரி 25, ஞாயிறு

ஏஜென்ட் கிழவர் இப்போது நாற்காலி, மேஜை வாடகைக்கு விடுகிறாராம். குடைக்காரி என்றதும், "ஷாட்டைக் கெடுத்தாளே, அவளா?" என்றாராம். அக்கா ஒரு வருஷம் கூட்டத்தில் நின்றிருக்கிறாள். பிறகு நடிகைகளுக்குத் தலை பின்னிவிடும் வேலை கற்றுக்கொண்டாள். இப்போது வேறு ஊரில் சொந்தமாகப் பார்லர்.

தபால்காரர் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். போன் நம்பர். "நான் ஒண்ணும் தேடலம்மா. சும்மா விசாரிச்சேன்."

பிப்ரவரி 27, செவ்வாய்

ஆறு தடவை நம்பரைப் போட்டேன். ஆறு தடவையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 29, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். "பார்லர், சொல்லுங்க" என்றது ஒரு குரல். தயாராக வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதோ. "முடி வெட்டணும், ஞாயித்துக்கிழமை தொறந்திருப்பீங்களா?" என்றேன்.

அந்தப் பக்கம் தலை காயவைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"வாயாடி... நீதானே?"

அப்படி என்னைக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் கத்தியிருக்கக் கூடாதுக்கா, கத்தியிருக்கக் கூடாதுக்கா — அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"லூசா நீ? மொத தடவை நடந்தப்போ குடை என் மூஞ்சிய மறைச்சிருச்சு. இப்படிப் போனா வாயாடிக்கு எப்படித் தெரியும்னு தோணுச்சு. யாரும் சொல்லாமலே சுத்தி ஓடி வந்து இன்னொரு தடவை நடந்தேன். நீ பாத்துட்டுக் கத்தணும்னுதான்டி அப்படிப் பாத்தேன். வீட்டுல சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீ சொல்லிடுவேன்னு தெரியும். அப்பா அடிப்பாருன்னு மட்டும்தான் தெரியல."

முப்பத்தோரு வருஷம்! எவ்வளவு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இறங்கிவிட்டது என்று மூச்சு விடுவதற்குள் அவள் கேட்டாள்.

"அப்பா போயே பதினோரு வருஷம் ஆச்சாமே. அம்மாவும் போயிட்டாளாமே. நம்ம ஊர்க்காரங்க யார் யாரோ வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது. நீ ஏன்டி என்னைத் தேடி வரல?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது இல்லை. நீயும் வந்திருக்கலாமே என்று கேட்கவில்லை. துரத்தப்பட்டவள், கூப்பிடாமல் எப்படி வருவாள்?

"ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிட்டாள்.

எதைக் கேப்பான்னு நெனச்சேன். எதைக் கேட்டா.

மார்ச் 3, ஞாயிறு

மூன்று பேரும் படத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். சொன்னேன்.

"அப்போ அது பிழையே இல்லையே" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"பிழைதான். தெரிஞ்சே பண்ணினது" என்றார் டீச்சர். அரைமணி நேரம் சண்டை. நல்லவேளை, அவர்கள் சண்டை போட்டதால் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 6, புதன்

மறுபடி கூப்பிட்டேன். "அக்கா, ஒரு தடவை வரட்டுமா?"

"கேக்கறதா இருந்தா வராதே." வைத்துவிட்டாள்.

மார்ச் 7, வியாழன்

வராதே என்று சொல்லிவிட்டாள். இன்று இரண்டு சட்டையில் பொத்தான் இல்லாததைக்கூடக் கவனிக்காமல் அனுப்பினேன். சூப்பர்வைசர் திட்டினார். திருப்பிக் கேலி பேசத் தோன்றவில்லை. அவருக்கே ஏதோபோல் ஆகி, "உடம்பு சரியில்லையா?" என்றார்.

மார்ச் 8, வெள்ளி

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அக்கா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"வாரா வாரம் துப்பறியிறே. இதுகூடப் புரியலையா? கேக்காம வான்னு சொல்றாங்க."

இந்த மனுஷரை இத்தனை வருஷமாக மக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9, சனி

மூன்று நாள் லீவ் கேட்டேன். சூப்பர்வைசர் தலை நிமிராமல், "காரணம்?" என்றார்.

"அக்கா வீட்டுக்குப் போறேன் சார்."

எங்கள் வரிசையில் மாதம் ஒருத்தியாவது சொல்கிற காரணம்தான். அவர் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார். நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வெளியே வரும்போது கேட்டில் வாட்ச்மேன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவரிடமும் சொன்னேன்.