எட்டுத் தங்கப் பல்லும் ஒரு செம்பு மோதிரமும்

பிப்ரவரி 3, சனி

முன்பல் விழுந்து இன்றோடு இரண்டு மாதம். டிப்போவில் விசிலடித்து பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொன்னால் காற்றுதான் வருகிறது. டிரைவர்கள் வேண்டுமென்றே “கனாப்பியா அண்ணே, இன்னொரு தடவை அடிங்க, கேக்கலை” என்கிறார்கள். பல் கட்ட எடுத்து வைத்த பணம் என் கருவிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. அடுத்த வாரம் போகவேண்டும்.

மத்தியானம் பெய்பித் போன் பண்ணினான், எண்ணெய் வயலிலிருந்து. பதினேழாம் தேதி காலையில்தான் வெளியே விடுவார்களாம், அதுவும் ஒரே ஒரு நாள். அதே நாள்தான் கிசிலோர்தாவில் பெண் வீட்டில் நிச்சயம். முகாமிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவான்.

“அப்பா, ஒரு மோதிரம் வாங்கணும். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.”

“நிச்சயத்துக்குத் தோடுதானடா போடுவோம்? அம்மா வாங்கி வச்சாச்சு.”

“தோடு அம்மா போடறதுப்பா. அது அம்மாவோட பேச்சு. நான் மக்பால்கிட்ட என் பேச்சைப் பேச வேண்டாமா?”

போன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. நான்தான் பேசாமல் இருந்திருக்கிறேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன்?

பிப்ரவரி 4

வீட்டுக்காரி ஷோல்பானிடம் சும்மா ஆழம் பார்த்தேன். இந்தக் காலத்துப் பையன்களெல்லாம் மோதிரம் போடுகிறார்களாமே என்று.

மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. “ஆட்டுக்குக் காதுல அடையாளம் போட்டா போதாதா? காலையும் கட்டணுமா?”

ஆழம் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 6

அளவு எப்படித் தெரிந்துகொள்வது? பெய்பித்தைக் கேட்டால் “சின்ன விரல்பா, அழகா இருக்கும்” என்கிறான். அழகுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

அப்புறம் ஞாபகம் வந்தது. மக்பால் இங்கே தராஸில் படித்தபோது தோழிகளோடு ஒருநாள் டீ குடிக்க வந்து ஒரு கையுறையை விட்டுவிட்டுப் போனாள். “பொருளை விட்டுட்டுப் போற பொண்ணு திரும்பி வருவா” என்று ஷோல்பான் அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவள் பக்கத்து வீட்டுக்குப் போன சமயம் அதை எடுத்து, மோதிர விரலை வெர்னியரால் அளந்தேன். இருபத்திரண்டு. ஒட்டகக் கம்பளி, தடிமன் உண்டு. அதற்கு மூன்று கழித்தேன். பத்தொன்பது.

இருபத்தாறு வருஷ மெக்கானிக். அளவில் நான் தப்பினதில்லை.

பிப்ரவரி 10, சனி

வாங்கியாகிவிட்டது. பல் போனது போனதுதான்.

கடைக்காரப் பெண்ணுக்கு என் பையன் வயதுதான் இருக்கும். என் கையில் என்ன இருக்கும் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். வைர வரிசையைத் தாண்டி, பெரிய கல் வரிசையைத் தாண்டி, கடையின் கோடியில் விளக்கு ஒன்று கெட்டுப்போன மூலைக்கு நேராகக் கூட்டிக்கொண்டு போனாள்.

“இது சிவப்புத் தங்கம், மாமா. கல்லு வைரம் மாதிரியே மின்னும்.”

“மாதிரின்னா?”

“மாதிரின்னா மாதிரிதான்.”

பேரம் பேசினேன். அவள் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு பேரம் பேசுவது கஷ்டம், திறந்தால் ஓட்டை தெரிகிறது, அது தெரிந்தால் இரக்கம் வந்து கொஞ்சம் குறைப்பாளோ என்று திறந்தே பேசினேன். குறைத்தாள்! ஓட்டைக்கும் ஒரு விலை உண்டு. எடை சரிதானே என்று கேட்டதற்கு, “ஊர் பேரே தராஸ், இங்க எடையில ஏமாத்துவாங்களா?” என்றாள்.

அளவு சொன்னபோதுதான் தகராறு.

“பத்தொன்பதா? பொண்ணு மல்யுத்தம் பண்ணுதா, மாமா?”

“வெர்னியர்ல அளந்தது.”

“விரலையா?”

“...கையுறையை.”

கடையில் இருந்த இன்னொரு பெண்ணும் வந்து கேட்டுவிட்டுப் போனாள். நான் விடவில்லை. மெக்கானிக்குக்கு மானம் உண்டு. பத்தொன்பதே கொடு என்றேன்.

பிப்ரவரி 11

அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன்.

பிப்ரவரி 12

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். மோதிரத்தை அரிசியில் மறைக்க முடியாது. இன்று புலாவு பண்ணப் போகிறேன் என்று ஷோல்பான் டப்பாவைத் தூக்க, நானே அரிசி கழுவுகிறேன் என்று பிடுங்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அரிசி கழுவியதில்லை. அவள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள், ஜுரமா என்று.

மோதிரம் இப்போது கோட்டின் உள்பையில்.

பிப்ரவரி 14

கோட்டைச் சலவைக்கு எடுத்தாள். பிடுங்கினேன். மறுபடியும் நெற்றியில் கை.

“பல் கட்டப் போறேன்னீங்களே, போகலையா?”

“டாக்டர் ஊர்ல இல்லை.”

பிப்ரவரி 16, வெள்ளி. ரயிலில்

இந்த வீட்டில் ஒளிக்க இடமே இல்லை என்று தெரிந்ததும், காலையில் கிளம்பும்போது சுண்டு விரலில் போட்டு, கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பி, மேலே கையுறை மாட்டிக்கொண்டேன். வெளியே பனி. கச்சிதமாக இருந்தது. என்ன புத்திசாலி நான்!

பெட்டிக்குள் அடுப்பை நரகம் மாதிரி எரிக்கிறார்கள். எல்லோரும் பனியனோடு உட்கார்ந்திருக்க நான் மட்டும் ஒரு கையில் கையுறை. எத்தனை ஸ்டேஷன் தாங்கும்? கழற்றினேன். விரல் வீங்கியிருக்கிறது. மோதிரம் வரவில்லை. கழிப்பறையில் ரயில்வே சோப்பு முழுதும் தேய்த்துப் பார்த்தேன். கதவை வெளியே தட்டித் திட்டினார்கள். வரவில்லை.

திரும்பி வந்தபோது ஷோல்பான் விரலையே பார்த்தாள்.

“என்னது அது?”

“செம்பு. மூட்டு வலிக்கு. டிப்போல ஒருத்தன் குடுத்தான்.”

சிவப்புத் தங்கம் கண்டுபிடித்தவன் குடும்பம் நன்றாயிருக்கட்டும். செம்பு மாதிரியேதான் இருக்கிறது.

“கேக்குதா?”

“வலி கொஞ்சம் தேவலை.”

“ம்” என்றாள். அந்த “ம்”மில் எத்தனை அறை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

பிப்ரவரி 18, ஞாயிறு. திரும்பும் ரயில்

நேற்று எழுத முடியவில்லை. இப்போதும் சிரிப்பதா, கூசுவதா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

பெண்ணின் அப்பா துர்சின்பாய் கால்வாய் இலாகாவில் மதகுகளைப் பார்த்துக்கொள்கிறவர். பேச்சும் மதகு மாதிரிதான், அளந்துதான் திறக்கும். ஆள் உயரம். வாயைத் திறந்தால் தங்கம். பல்லைச் சொல்கிறேன். ஓட்டை வாயோடு அவர் எதிரில் உட்கார எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஷோல்பான் மக்பாலுக்குத் தோடு போட்டாள். பெண்கள் அழுதார்கள், பாடினார்கள். நன்றாக நடந்தது. பெய்பித் முகாமிலிருந்து நேரே வந்தவன், காதில் எண்ணெய்க் கரியோடு, என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டான். நான் கண்ணால் ‘இருக்கு’ என்றேன். விரலிலிருந்து வரவில்லை என்பதைக் கண்ணால் சொல்லத் தெரியவில்லை.

பிறகு கறித் தட்டு வந்தது. கையால்தான் சாப்பாடு, முழங்கை வரை நெய்யும் சாறும். அதன்பின் ஆட்டு வால் கொழுப்பும் ஈரலும். சம்பந்திக்குச் சம்பந்தி தன் கையால் ஊட்ட வேண்டும். அது தொண்டையில் இறங்கும் வரை யாரும் எழுந்து போகலாம், இறங்கிவிட்டால் சம்பந்தம் சம்பந்தம்தான். நான் ஒரு கை நிறைய அள்ளினேன். குறைவாக ஊட்டினால் கஞ்சன் என்பார்கள். அவர் வாயைத் திறந்தார், நான் திணித்தேன், எல்லோரும் கை தட்டினார்கள்.

‘நறுக்.’

அவர் நின்றார். மெல்லுவது நின்றது. கண் மட்டும் ஒருமுறை மேலே போய் வந்தது. பிறகு துண்டால் வாயைத் துடைப்பதுபோல எதையோ எடுத்து, கையை மூடி, பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மென்றார். விழுங்கினார். சபை ஆரவாரம்.

என் சுண்டு விரலைப் பார்த்தேன். வெறும் விரல். நடுவில் வெள்ளையாக ஒரு பள்ளம்.

சோப்புக்கு இறங்காதது கொழுப்புக்கு இறங்கிவிட்டது.

பைக்குள் போட்டது எது? மோதிரமா, உடைந்த பல்லா? பல் என்றால் மோதிரம் வயிற்றிலா? கேட்கவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டின கதை. அவர் எழுந்து வெளியே போனார். என் முறைக்கு அவர் மச்சினர் எனக்கு ஊட்டினார். என்ன தின்றேன் என்றே தெரியவில்லை. முகத்தில் யாரோ தயிரைப் பூசினார்கள், அது வேறு வழக்கம், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டீ வரும் நேரத்தில் பெய்பித் பக்கத்தில் வந்து குனிந்தான்.

“அப்பா, குடுங்க. அவ வெளியில நிக்கறா. நாளைக்கு மறுபடி முகாமுக்குப் போயிடுவேன், ரெண்டு வாரம் ஆகும்.”

“அது... உன் மாமனார்கிட்ட இருக்குடா.”

“அவர்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க?”

“குடுக்கலை. ஊட்டிட்டேன்.”

பிள்ளை என் முகத்தைப் பார்த்தான், தயிரோடு. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். முகம் விழுந்துவிட்டது. அவ்வளவு நாள் சேர்த்து வைத்த ஒரு பேச்சு தொண்டையிலேயே நின்ற மாதிரி. அந்த நிமிஷம் எழுந்தேன். மானம் போனால் போகட்டும் என்று.

வாசலில் சம்பந்தி தன் காரின் பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து, விரலால் ஒன்றொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயை மூடினார். கிட்டே கூப்பிட்டார்.

“சம்பந்தி. என் வாயில எட்டுத் தங்கப் பல்லு. மூணு தடவை எண்ணிட்டேன். எட்டும் இருக்கு.” பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் காட்டினார். “அப்ப இந்த ஒன்பதாவது யாரோடது?”

வட்டமாகப் போனது முட்டையாக வந்திருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் தெளிவாக ஒரு கடைவாய்ப்பல் தடம்.

எல்லாவற்றையும் சொன்னேன். கையுறை, அரிசி டப்பா, ரயில் சோப்பு, செம்பு. பையனுக்கு அவன் பேச்சு என்று ஒன்று வேண்டுமாம் என்பதையும் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் மதகு திறந்தது. ஐயோ, என்ன சிரிப்பு! எட்டும் தெரிய, குனிந்து, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு. கட்டியிருந்த நாய் பயந்து குரைத்தது.

“எத்தனையோ கொழுப்பு தின்னிருக்கேன் சம்பந்தி, எவனும் எனக்குக் கல்லு வச்சு ஊட்டலை!”

“கோவமா?”

“கோவப்பட்டு என்ன பண்ண? இறங்கிடுச்சே.”

குழாயடியில் பனியை உதைத்துத் தள்ளிவிட்டு, மோதிரத்தை அவரே கழுவினார். சட்டை நுனியில் துடைத்தார். திருப்பி என் கையில் வைக்கவில்லை. பெய்பித்தை நேராகக் கூப்பிட்டு அவன் கையில் வைத்தார். “போ. எனக்கு முன்னாடி எல்லாம் பேசாத. அந்தப் பக்கம் போய்ப் பேசு” என்றார். நாங்கள் இரண்டு பேரும் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்ப்பது போல நின்றோம். டயர் நல்ல டயர்.

பையன் என்ன பேசினான் என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசினான். மக்பாலின் குரல்தான் கேட்டது:

“எந்த நாய் கடிச்சது இதை?”

நான் டிக்கிக்குள் இன்னும் குனிந்தேன்.

“யாருன்னு விசாரிச்சுட்டுத் திட்டு” என்றான் என் பிள்ளை.

பக்கத்தில் நாய் சங்கிலியை இழுத்தது. சம்பந்தி டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பதினாறுதான் சரியான அளவாம். பத்தொன்பது வட்டமாகவே இருந்திருந்தால் கட்டை விரலுக்குத்தான் போட்டிருக்க வேண்டும். முட்டையானதால் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என் அளவைச் சம்பந்தியின் பல் திருத்தியது. கடைக்காரப் பெண் எந்தக் காலத்திலும் இதைக் கேள்விப்படக் கூடாது.

பாதி தூரம் தாண்டியதும் ஷோல்பான் கேட்டாள்:

“உங்க செம்பு எங்க?”

“தொலைஞ்சு போச்சு.”

“மூட்டு வலி?”

“இல்லை.”

“அந்தப் பல் டாக்டர், ஊருக்கு வரவே மாட்டாரோ?”

சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து தெரியும்? அரிசியிலிருந்தா?

பிப்ரவரி 25

ஷோல்பான் மாவு பிசையும்போது, நிமிராமல்: “எனக்கும் விரல் மூட்டெல்லாம் வலிக்குது.”

மாவு பிசைந்தால் வலிக்கத்தான் செய்யும் என்றேன். இன்னும் அழுத்திப் பிசைந்தாள்.

பிப்ரவரி 26

என்ன முட்டாள் நான். காலையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கும்போதுதான் புரிந்தது.

எங்கள் நிச்சயத்தில் என் அம்மா அவளுக்குத் தோடு போட்டாள். நான் கறி தின்றேன்.

மே 19

கல்யாணம் முடிந்தது. சம்பந்தி மேடையில் சபைக்கு எதிரில் எனக்குக் கொழுப்பு ஊட்டும் முன், தன் பத்து விரலையும் விரித்து எல்லோருக்கும் காட்டினார். ஏன் என்று நாலு பேருக்குத்தான் தெரியும். நாலு பேருக்கும் புரையேறியது.

மக்பாலிடம் தட்டாரிடம் கொடுத்து வட்டமாக்கித் தரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் மாமா, எங்கப்பா கையெழுத்து” என்றாள்.

ஜூன் 8, சனி

டிப்போவில் விடுமுறைப் பணம் கொடுத்தார்கள். பல் டாக்டரைத் தாண்டி, அதே மோதிரக் கடைக்குப் போனேன்.

“மாமா! மறுபடியுமா? இந்தத் தடவை எதை அளந்தீங்க?”

“விரலை. தூங்கும்போது. நூல் வச்சு.”

கல் இல்லை. மெல்லிசு. சிவப்பு.

வீட்டுக்கு வந்து மாவுப் பலகை ஓரத்தில் வைத்தேன். “செம்பு. மூட்டு வலிக்கு நல்லது.” வேறு ஏதோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

மாவுக் கையோடு அப்படியே போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. பதினெட்டு.

ஜூலை 2

பக்கத்து வீட்டுக்காரி கேட்டாளாம், செம்பு போட்டால் விரல் பச்சையாகுமே, உனக்கு ஆகவில்லையே என்று.

“நல்ல செம்பு போலிருக்குன்னு சொல்லிட்டேன்” என்றாள் ஷோல்பான்.

இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குக் கறியை எனக்கென்று தனியாக, பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டிருந்தாள்.