நனைந்தால் தெரியாத துணி

நவம்பர் 2

இத்தாவில் இன்று நாற்பத்தைந்தாவது நாள். என் கணவர் ஹில்மி மௌத்தான பிறகு வாசற்படி தாண்டவில்லை. புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய நான்கு மாதமும் பத்து நாளும் முடிய இன்னும் எவ்வளவோ கிடக்கிறது.

வெள்ளம் வந்தால் எடுத்துக்கொண்டு ஓட அவசரப் பை கட்டினேன். கிராம சேவகர் கொடுத்த தாளில் "உறுதியான மாற்றுடை ஒரு சோடி" என்று மட்டும் இருக்கிறது. உறுதி என்றால் என்ன உறுதி? மாமியின், ஹில்மியைப் பெற்றவரின், பையைத் திறந்து பார்த்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுத்த மடிப்புக் குலையாத சேலையும் ஒரு அத்தர் குப்பியும். பாடசாலையில் போய் அகதியாகக் கிடந்தாலும் நாலு பேர் பார்ப்பார்களாம். சிரிப்பு வந்தது. என் பையில் இருந்ததும் பெரிய புத்திசாலித்தனம் இல்லை. நான்கு வெள்ளைச் சட்டை, அவ்வளவுதான்.

நவம்பர் 4

மழை இல்லை. ஆனாலும் களப்பு நீர்ப்பரப்பின் பக்கம் பார்க்கப் பயமாக இருக்கிறது.

போன வருஷம் தண்ணீர் வந்தபோது ஹில்மி இருந்தார். மகள் நஸ்ஹாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு கையால் என்னை இழுத்தார். என் ஹபாயா அங்கி தண்ணீரை வாங்கிக் காலோடு சுற்றிக்கொண்டது. இரண்டு முறை விழுந்தேன். மூன்றாம் முறை வாய்க்குள் சேறு. அவர்தான் கீழ்ப்பாகத்தைப் பல்லால் கிழித்து - ஓம், பல்லால் - என்னைத் தூக்கி நிறுத்தினார்.

இந்த வருஷம் நஸ்ஹாவுக்கு ஒன்பது வயது. என்னால் தூக்க முடியாது. ஹில்மி மண்ணுக்குள். நான் விழுந்தால் யார் எழுப்புவது? என்ட பிள்ளைய யாரு புடிக்கிற?

நவம்பர் 6

கிணற்றடியில் வாளி வைத்து, வீட்டிலுள்ள துணி எல்லாவற்றையும் நனைத்துப் பார்த்தேன்.

மெல்லிய வெள்ளை வொயில் துணியைக் கையில் சுற்றினால் மச்சம்கூடத் தெரிகிறது. படகில் வருகிறவர்கள் ஆண்கள். இந்த உடுப்போடு நான் ஏறமாட்டேன். "வாங்க, வாங்க" என்று அவர்கள் கத்தினாலும் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்னை எனக்குத் தெரியும், அதுதான் பயம். கறுப்பு ஹபாயா ஒன்றையும் காட்டாது, ஆனால் அரை வாளித் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. நஸ்ஹாவின் டெனிமைக் காலையில் நனைத்தேன், பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் இடுப்பில் ஈரம்.

நவம்பர் 9

நூஹு நானா வந்தார். மதுரங்குளியில் துணிக்கடையில் நிற்கிறார், வெட்டுத் துண்டு ஐந்து கொண்டுவந்தார். கூடப்பிறந்த நானா என்பதால் இத்தாவிலும் முன்னால் வந்து பேசலாம். ஐந்தையும் நனைத்தோம். கருநீலக் கால்சட்டைத் துணி தேறியது. ஒட்டவில்லை, ஊடு தெரியவில்லை, பிழிந்து உதறினால் பாதி காய்ந்துவிடுகிறது.

மாமிக்கு நிறம் பிடிக்கவில்லை. இத்தாவில் வெள்ளைதான் உடுக்கவேண்டுமாம். அலங்காரச் சோடிப்பு இல்லாத எந்த நிறமும் உடுக்கலாம், உயிருக்கு ஆபத்து என்றால் வெளியே போகவும் அனுமதி உண்டு என்று பள்ளிவாசல் ஹஸரத் சொன்னதாக நானா சொன்னார். "ஊரு வாய்க்கு ஹஸரத்தா வந்து பதில் சொல்லப்போறாரு?" என்றார் மாமி.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அது எனக்கும் தெரியும்.

நவம்பர் 13

தைத்து முடித்தேன். முழங்கால் வரைக்கும் தொளதொளச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். கணுக்காலில் இழுவைப் பட்டி வைத்த களிசான், ஆண்கள் போடுகிற நீளக் கால்சட்டை மாதிரி. தலைக்கு ஊசி குத்தத் தேவையில்லாமல் அப்படியே இழுத்துப் போடும் உறை. செருப்பு சேற்றோடு போய்விடும், ஆகையால் நாடா கட்டும் சப்பாத்து. இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு கிணற்றடியை மூன்று சுற்று ஓடினேன். விழவில்லை. நஸ்ஹா கைதட்டினாள். மாமி ஜன்னலைச் சாத்தினார்.

அவருக்கும் ஒரு சோடி தைத்தேன். வேண்டாமாம். "அறுபத்திரெண்டு வயசில களிசான் போட்டுக்கிட்டா நான் மௌத்தாகணும்?" என்றார்.

நவம்பர் 19

மழை.

நவம்பர் 23

மழை விடவில்லை. முந்தல் பக்கம் தெருவுக்கு மேலால் தண்ணீர் போகிறதாம். தொழுகையில் எத்தனை ரக்அத் என்று இரண்டு முறை மறந்தேன். யா அல்லாஹ், பிள்ளையை மட்டும் காப்பாற்று.

நவம்பர் 26

பாடசாலையில், ஐந்தாம் வகுப்பறையில் இருந்து எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இறால் பண்ணை வரம்பு உடையலாம், களப்போரத்தில் இருப்பவர்கள் ஆயத்தமாக இருக்கட்டும் என்று. நான்தான் ஆயத்தமாயிற்றே. கருநீலத்தைப் போட்டேன், சப்பாத்து நாடாவைக் கட்டினேன், கதிரையில் உட்கார்ந்து தண்ணீருக்காகக் காத்திருந்தேன்.

ஏன் காத்திருக்கிறேன்?

நனைந்தால் என்ன தெரியும், நனைந்தால் எவ்வளவு பாரம் என்றே மூன்று வாரமாகப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வருமுன் போகலாம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. படகில் ஏற்றிப்போனால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். இத்தாவில் இருக்கிறவள் பட்டப்பகலில் தன் காலால் தெருவில் நடந்து போனால்தான் கதை. அந்தக் கதைக்குப் பயந்து, தண்ணீர் கழுத்துக்கு வரட்டும் என்று பிள்ளையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மடச்சி!

மாமியின் காலைப் பிடித்தேன். மூன்று முறை கேட்டேன். "என்ட மகன்ட இத்தாவ முறிச்சிக்கிட்டுப் போறதெண்டா நீங்க போங்க. நான் வரல்ல."

நஸ்ஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. வேலிக்கு வேலி ஆட்கள் நின்று பார்த்தார்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்தே நடந்தேன்.

நவம்பர் 27

விடியற்காலையில் வரம்பு உடைந்துவிட்டது. எங்கள் ஒழுங்கைத் தெருவில் கூரைகள் மட்டும்தான் தெரிகிறதாம்.

மாமி வரவில்லை.

பின்னேரம்: மாமி இன்னும் வரவில்லை. நான் விட்டுவிட்டு வந்தேன். நான்தான். நாலாம் முறை கேட்டிருக்கக் கூடாதா? இழுத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதா?

நவம்பர் 28

மாமி வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிமேல் ஒரு பகலும் ஓர் இரவும் இருந்திருக்கிறார். முள்ளுக்கம்பியில் சேலை சிக்கி, அதை விட்டுவிட்டுத்தான் ஏறினாராம். படகுக்காரர்கள் ஒரு தார்ப்பாயைப் போர்த்தி இறக்கினார்கள். முகத்தை நிமிர்த்தவே இல்லை. நான்கு பெண்கள் படுக்கைச் சீலையைச் சுற்றிப் பிடித்தார்கள். நான் துடைத்து, அவருக்குத் தைத்த சோடியைப் போட்டுவிட்டேன். களிசானுக்குள் காலைத் தானாகவே தூக்கித் தந்தார், குழந்தை மாதிரி. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் 2

தண்ணீர் வற்றுகிறது. எங்கள் சமையலறைச் சுவர் இல்லையாம்.

வகுப்பறை மூலையில் எனக்குத் திரை கட்டியிருக்கிறார்கள். இன்று காலை எங்கள் ஒழுங்கைப் பெண்கள் இருவர் மாமியிடம் சுகம் விசாரிக்க வந்தார்கள். நான் திரைக்குள் இருந்தேன். கொஞ்ச நேரம் தண்ணீர்க் கதை. பிறகு மெதுவாக, தண்ணீர் வருமுன்னே யாரைக் கேட்டு உங்கள் மருமகள் படி இறங்கினாள் என்றார்கள்.

"என்னக் கேட்டுத்தான் எறங்கின" என்றார் மாமி. "பிள்ளையக் கூட்டிக்கிட்டு முதல்ல போங்கண்டு நான்தான் சொன்ன."

ஐந்து வேளையும் தொழுகிறவர். அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பெண்கள் போன பிறகு திரைக்குள் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் நஸ்ஹாவுக்குத் தலை பின்னத் தொடங்கினார். நான் மூன்று பேருக்கும் பாண் ரொட்டி வெட்டினேன்.