கஞ்சியில் கலந்த பவுடர்

ஐப்பசி 14, வியாழன்.

மத்தியானம் உப்பைத் தேடியபோது அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு டப்பா கிடைத்தது. மார்புப் புற்றுநோயை விரட்டும் சத்துப் பவுடராம். பாதி காலியாகியிருந்தது.

ஒரு மாதமாகவே கஞ்சி கசக்கிறது. கீமோ மருந்தில் நாக்கு செத்துவிட்டது என்று நினைத்தேன். காய்ச்சிக் கொடுக்கிற வீட்டுக்காரர் மனம் நோகக்கூடாதென்று ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சரியில்லை என்று டாக்டர் அடுத்த ஊசியைத் தள்ளிவைத்துவிட்டார். மருந்தைத் தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். இவர் பக்கத்தில் நின்றுகொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வயலிலிருந்து வந்ததும் டப்பாவை முன்னால் வைத்தேன்.

"உரக்கடைக்காரர்தான் குடுத்தாரு. பயிரு மஞ்சளடிச்சா ஊட்டம் போடுறோம்ல, அது மாதிரிதான்னாரு" என்றார்.

பட்டா கேட்டுப் பத்து வருடம் நடந்தபோது தாசில்தார் எழுதிக் கொடுத்ததையே நம்பாத மனுஷன்!

"ஊட்டம் போட்டா பயிரு மட்டுந்தான் வளருதா? களை வளரலையா? உங்களுக்கென்ன தெரியும், குனிஞ்சு பறிக்கிறவ நான்ல!"



ராத்திரிக் கஞ்சியை நானே காய்ச்சினேன். கசக்கவில்லை. என் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

நாளைக்கு முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போகிறோம். டப்பாவை அவர்தான் தூக்கிக்கொண்டு வரவேண்டும். டாக்டரிடமும் அவரே சொல்லட்டும். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.