ரெடியாக வைத்த மொட்டைக் கார்

தெஹியோவிட்ட,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுகந்தினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இதை முதல் வரியிலேயே எழுதாவிட்டால் நீ மற்றதைப் படிக்காமல் அழத் தொடங்கிவிடுவாய் என்பதால் எழுதிவிட்டேன். நீயும் சுகமாக இருக்க வேண்டும். பக்கத்து லயத்துக் கிருஷாந்த் லீவு முடிந்து புதன்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். வெள்ளிக்கிழமை நீ, கார் வித்துப் போயிருச்சாங்க, நான் இன்னும் ரெண்டு வருசத்துக்கு அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போடவா வேணாமா என்று கேட்டாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மழை விடவேயில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்று போனதால் என் லொறிக்கும் ஓட்டம் இல்லை. பாக்டரி வாசலில் லொறிக்குள்ளேயே உட்கார்ந்து தூங்கிவிட்டு வருகிறேன். குமாரி பரீட்சைக்குப் படிக்கிறாள். சமையலும் அவள்தான். சோற்றைக் குழைய விட்டுவிட்டு, அம்மா போனில் சொன்ன தண்ணி அளவு தப்பு என்று உன் மேல் பழியைப் போடுகிறாள். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். தைலம் வாங்கிக் கொடுத்தேன். அது நல்லதில்லை என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் தேய்த்து முடித்துவிட்டார்.

இனிக் கார் விஷயம்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது சீமைக்குப் போன வெள்ளைக்காரப் பெரிய துரை, தன் டிரைவரான என் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அந்த ரெண்டு சீட்டு எம்.ஜி. கம்பெனிக் காரை, கூரை இல்லாததால் நம் ஆட்கள் மொட்டைக் கார் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நீ கல்யாணமாகி வந்த புதிதில், மழை பெஞ்சா துரை குடை பிடிச்சுக்கிட்டா ஓட்டுனாரு என்று கேட்டுச் சிரித்தாய். அப்பா போன பிறகு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கட்டடத்தில் கோழிகள் முட்டையிடத்தான் அது உதவியது.

ஆவணியில் கொழும்பிலிருந்து புவாட் முதலாளி வந்து பார்த்ததை உனக்குச் சொன்னேன். பழைய கார் வாங்கி விற்பதே அவர் தொழில். நல்ல மனுசன், தேத்தண்ணி கொடுத்தால் கிளாசைத் தானே கழுவி வைக்கிறார். இந்த மாதிரிக் கார்களுக்கு வெளிநாட்டில் ஒரு சந்தை இருக்கிறதாம். வருஷத்துக்கு வருஷம் விலை ஏறுமாம், சில வருஷம் இறங்குமாம், தேயிலை ஏலம் போலத்தான். போனில் ரெண்டு படம் காட்டினார். ஒரே வகைக் கார், ஒரே வருஷம். ஒன்று பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மற்றது நம்முடையதைப் போல நிறம் வெளுத்து, சீட்டுக் கிழிந்து கிடந்தது. ஒன்றின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு என்றார். எதற்கு விலை கூட என்று நான் கேட்கவேயில்லை. அதைக் கேட்க வேண்டுமா என்ன என்று நினைத்துவிட்டேன்.

நம் வண்டிக்கு அவர் சொன்ன விலை, நீ குவைத்தில் ஐந்து வருஷம் உழைத்தால் வருகிற காசு. எனக்குப் பெரிய தொகை என்றால் உன் சம்பளத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடுகிறது. அதனால்தான் அன்றைக்கே உனக்குப் போன் எடுத்து, ரோட்டோரக் காணியும் வாங்கலாம், வீடும் கட்டலாம், புது அக்ரிமென்ட் வேண்டாம் என்று துள்ளினேன்.

போகும்போது முதலாளி, வாற மாசம் வந்து எடுக்கிறேன், வண்டிய ரெடியா வைங்க என்றார். அவர் சொன்னது வண்டிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, வெளியே இழுக்க வழியைத் துப்புரவாக்கி வைப்பதைத்தான். நம் தோட்டத்தில் ரெடி என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். தோட்டக் கம்பெனியிலிருந்து பெரிய ஆள் விசிட்டுக்கு வருகிறார் என்றால் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு, மரத்துக்குச் சுண்ணாம்பு, நின்றுகொண்டிருந்தால் நமக்கும் சுண்ணாம்பு. நான் உன் தம்பி சுதாகரனிடம், முதலாளி வண்டிய ரெடியா வைக்கச் சொன்னாரு என்று அப்படியே சொல்லிவிட்டு, லொறி ரிப்பேருக்கு அவிசாவளைக்குப் போய்விட்டேன்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தால் மொட்டைக் கார் சிவப்பாக நிற்கிறது. கோயில் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த எனாமல் பெயின்ட். சுதாகரன் பழைய நிறத்தை உப்புத்தாள் போட்டு ஒரு புள்ளி விடாமல் தேய்த்து எடுத்திருக்கிறான். எலி கடித்த தோல் சீட்டைக் கழற்றி அடுப்புக்குப் போட்டுவிட்டு, டவுனில் கொடுத்துப் புது ரெக்சினில் தைத்துப் பூட்டியிருக்கிறான். அவன் கைக்காசு. உண்மையைச் சொன்னால் எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. தட்டிக்கொடுத்தேன். குமாரி சந்தனம், குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

புவாட் முதலாளி வந்தார். கட்டடத்துக் கதவைத் திறந்ததும் யா அல்லாஹ் என்றார். நாங்கள் அதைப் பாராட்டு என்று நினைத்து, மூன்று பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அவர் நகத்தால் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார். பழைய சீட் எங்க என்று கேட்டார். சுதாகரன் பெருமையோடு, அதெல்லாம் எரிச்சாச்சுங்க முதலாளி என்றான். மனுசன் அப்படியே வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த ரெண்டு படத்தில் விலை கூடியது வெளுத்துப் போனதாம். கார்க் கம்பெனியில் அடித்த முதல் நிறமும் முதல் சீட்டும் கை படாமல் இருந்தால்தான் அந்த விலையாம். பளபளவென்று ஆக்க எந்தக் கராஜாலும் முடியுமாம்.

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. உங்க மேல பிழையில்ல, நான் விளங்கச் சொல்லியிருக்கணும் என்றார். பிறகு புது விலை சொன்னார். சுகந்தினி, உன் ஐந்து வருஷம் ஒன்றரை வருஷமாகிவிட்டது. வேறு ரெண்டு பேரிடமும் விசாரித்தேன். அவர்கள் ஒரு வருஷம்கூடச் சொல்லவில்லை. நேற்று முதலாளிக்கே கொடுத்துவிட்டேன். காசை உன் பெயரில் பேங்கில் போட்டாயிற்று.

உன் தம்பியைத் திட்டாதே. உன் பங்குக்கும் சேர்த்து நானே திட்டிவிட்டேன். வாய் நிறையக் கெட்ட வார்த்தை பேசினேன், குமாரி காதைப் பொத்திக்கொண்டாள். அவன், விலை கூடுனா அக்கா சுருக்கா வந்துரும்னுதான் மச்சான் அடிச்சேன் என்று மட்டும் சொன்னான். அத்தோடு நான் திட்டுவதை விட்டுவிட்டேன். இப்போது நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவன் இந்தப் பக்கம் வருவதில்லை. குமாரி சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். நீ ஒரு வார்த்தை அவனோடு பேசு.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். உன் அம்மா, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லோரும் ஒரே வாயாக, இன்னும் ரெண்டே ரெண்டு வருசம்தானே, கையெழுத்தப் போட்டுறச் சொல்லுங்க என்கிறார்கள். நியாயமும் அதுதான். கையில் இருப்பதை வைத்துக் காணி வாங்கினால் வீடு கட்ட முடியாது. காணி இல்லாமல் வீட்டை எங்கே கட்டுவது? போடு என்று எழுதத்தான் நானும் உட்கார்ந்தேன். எழுதிய தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

சுகந்தினி, கையெழுத்துப் போடாதே. காணி போனால் போகட்டும், தோட்டம் கொடுத்த இந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவுக்கே வந்துவிடு. எனக்குக் களைத்துப் போய்விட்டது. லொறி ஓட்டி வந்த களைப்பு இல்லை. குமாரிக்கு அம்மாவாக, உன் அம்மாவுக்கு மகளாக, உன் தம்பிக்கு அக்காவாக இருந்து பார்த்துவிட்டேன். ஒன்றும் எனக்குச் சரியாக வரவில்லை. எனக்குத் தெரிந்தது உனக்குப் புருஷனாக இருப்பது ஒன்றுதான். இங்கே அந்த வேலை இல்லாமல் கிடக்கிறேன்.

கதிர்காமத்து முருகன் துணையிருந்து உன்னைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீ வேலை செய்கிற வீட்டு மேடம் விடமாட்டேன் என்றால், என் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலை என்று சொல். அது முழுப் பொய்யும் இல்லை, நான் சொன்ன களைப்பும் ஒரு நோய்தான். பயப்படாதே, எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். மற்றதை நீ வந்த பிறகு சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
சந்திரபோஸ்