போயிட்டு வாரோம்

நாசரேத்,
ஆகஸ்ட் 9.

அன்புள்ள விஜிலாவுக்கு,

ஜெபசுதா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் கர்த்தர் கிருபையில் சுகம். நீ அங்கே டூட்டி டூட்டி என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாயா? கையில் போன் இருக்க இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். வாட்ஸப்பில் மூன்று தடவை தட்டினேன், மூன்று தடவையும் அழித்துவிட்டேன். பேனாவால் எழுதி ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டால் பிறகு அழிக்க முடியாதல்லவா?

முதலில் உன் அம்மாவைப் பற்றி. நன்றாக இருக்கிறார்கள். முழங்கால் வலிக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. போன சனிக்கிழமை போயிருந்தேன். சாளைக் குழம்பும் சோறும் போட்டு, நாசரேத்துக்காரிக்கு முள் எடுத்துத் திங்கத் தெரியுமா என்று ஏசிக்கொண்டே இன்னும் ரெண்டு மீனை வைத்தார்கள். நான் செய்த காரியத்துக்கு வேறு யாராக இருந்தாலும் வாசல்படி ஏற விட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காரியத்தை உன்னிடம் நானே சொல்ல வேண்டும்.

உங்கள் யாகப்பபுரத்துக்கு வெளிநாட்டு உதவி வந்திருக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பருவநிலை மாறிக் கடல் ஏறுகிற ஊர்களுக்கு, சமாளித்துக்கொள்ளுங்கள் என்று வசதியான நாடுகள் கொடுக்கிற நிதி. இங்கே கொடுப்பது நீ இருக்கிற ஜெர்மனிதான். உன் சம்பளத்தில் பிடிக்கிற வரியில் ஒரு சொட்டு உன் அம்மா வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளேன். அதன் அதிகாரி ஹன்னா நல்ல பெண். தமிழில் அவளுக்கு ‘வணக்கம்’, ‘காரம்’ இரண்டும் தெரியும். மிச்சத்தைச் சொல்ல ஆள் வேண்டுமே, பள்ளிக்கூடம் லீவு நாட்களில் நான் போகிறேன்.

ஊர் நீ பார்த்த மாதிரி இல்லை, விஜிலா. கடற்கரைக் கெபியில் இருந்த மாதா சொரூபத்தைக் கோயிலுக்குள் கொண்டுபோய்விட்டார்கள், கெபியின் படிகள் தண்ணீருக்குள் கிடக்கின்றன. முன்வரிசையில் பதினோரு வீடு போய்விட்டது. இப்போது முதல் வீடு உங்களுடையதுதான். கச்சான் காற்று அடிக்கிற இந்த ஆடி மாதத்தில் அலை உங்கள் அடுப்படிச் சுவர் வரைக்கும் வந்து திரும்புகிறது. உன் அம்மா போனில் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜனவரியில் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். செம்மணல் தேரி மேட்டுக்கு அந்தப் பக்கம், மூன்று கிலோமீட்டர் உள்ளே, எண்பத்து நாலு வீடு கட்டித் தருவதாகத் திட்டம். படம் காட்டி எல்லாம் விளக்கிவிட்டுக் கடைசிக் கேள்வியாக, புது வீட்டுக்குப் போகச் சம்மதமா என்று கேட்கச் சொன்னாள் ஹன்னா. நான் கேட்டு வாயை மூடவில்லை, வெளியே தண்ணீர் லாரி ஆரன் அடித்தது. பொம்பளைகள் எல்லோரும் குடத்துக்கு எழுந்துவிட்டார்கள். முன்னால் இருந்த உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, சரி டீச்சர், போயிட்டு வாரோம் என்றார்கள். பின்னால் இருந்தவர்களும் போயிட்டு வாரோம், போயிட்டு வாரோம் என்று சொல்லிக்கொண்டே கலைந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று ஹன்னா என் முகத்தைப் பார்த்தாள். ‘சரி, போகிறோம்’ என்று சொல்கிறார்கள் என இங்கிலீஷில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துபோய் எழுதிக்கொண்டாள்.

வாய் தவறிவிட்டது என்றுதான் உனக்கு எழுத நினைத்தேன். அது பொய். அவள் எழுதும்போதே எனக்குத் தெரிந்தது. சாத்தான்குளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அலை வருகிற இடத்தில் இவர்கள் ஏன் கிடந்து சாக வேண்டும், போவது நல்லதுதானே என்று எனக்கு ஒரு நினைப்பு. இருபது வருஷம் பிள்ளைகளுக்காக முடிவெடுத்துப் பழகிய புத்தி, வேறென்ன சொல்ல. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் மாதம் திட்ட அறிக்கை வந்தது, தமிழாக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லி எனக்கே அனுப்பியிருந்தார்கள். மக்கள் ஒருமனதாகச் சம்மதம் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. நாலாம் பக்கத்தைத்தான் ரெண்டு தடவை வாசித்தேன். ஊரே போய்விடுவதால் கரையில் தூண்டில் வளைவு தேவையில்லை, அதற்கு ஒதுக்கிய தொகையும் வீடுகளுக்கே. படகு ஏற்றுகிற மணல் முழுவதும் சவுக்கு நடப்படும், ஆள் நடமாட்டம் கூடாது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டு வளைத்துக் கட்டித் தரச் சொல்லி அந்த ஊர் எத்தனை வருஷமாக மனு கொடுத்தது! நான் சொன்ன ஒரு வரியில் அது போயிற்று. கரையும் போனால் அவர்கள் எங்கே தொழில் செய்வார்கள்?

மறுநாளே போய் உன் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் சிரித்தார்கள். ஏளா, நாங்க போயிட்டு வாரோம்னுல்லா சொன்னோம், போறோம்னு யாரு சொன்னா என்றார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. போயிட்டு வாரேன்னு சொல்லாம கெளம்புறது எழவு வீட்டுல மட்டுந்தான், எங்க ஊர எழவு வீடாக்கிட்டியே ஜெபா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் வெளியே நின்று அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே காப்பி கொண்டு வந்து கொடுத்தார்கள்.

ஹன்னாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலையை விட்டு நிறுத்துவாள் என்று பார்த்தால், மறுபடியும் கேட்போம், நீதான் கேட்க வேண்டும் என்றாள். கேட்டோம். இந்தத் தடவை லாரி வந்து போன பிறகு, மூன்று மணி நேரம். உன் சித்தப்பா மகன் அமலன் எழுந்து, போன ஆடியில கட்டிலுக்கு அடியில தண்ணி, புள்ளைகள வச்சிக்கிட்டு இங்கன படுக்க முடியாது, நாங்க போறதுக்குத் தயார்தான், ஆனா கரை எங்களுக்கு வேணும், படகும் வலையும் இங்கனதான் கெடக்கணும், தூண்டில் வளைவு வரணும் என்று அடித்துச் சொன்னான். அப்படியென்றால் போகிறீர்களா, இல்லையா என்று ஹன்னா குழம்பினாள். உன் அம்மாதான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, அதான் அன்னைக்கே சொன்னோமே, போயிட்டு வாரோம்னு என்றார்கள். மண்டபமே சிரித்தது. அந்த வார்த்தையை அப்படியே தமிழில் எழுதி, கீழே இங்கிலீஷில் பதினோரு வரி விளக்கம் எழுதிக் கொடுத்தேன். படுப்பது அங்கே, பிழைப்பது இங்கே, கரை ஊருடையது.

போன மாதக் கடைசியில் சரி என்று பதில் வந்துவிட்டது. தூண்டில் வளைவு உண்டு, கரையில் வலைக்கூடம் உண்டு, சவுக்கு கிடையாது. ஆனால் எண்பத்து நாலு வீட்டிலும் கையெழுத்து வேண்டும், செப்டம்பர் பத்தாம் தேதிக்குள். ஒரு வீடு பின்வாங்கினாலும் கோப்பு திரும்பிவிடும். எண்பத்து மூன்று வந்துவிட்டது.

வராதது உன் அம்மாவுடையது.

அதற்காகத்தான் சனிக்கிழமை போனேன். சாப்பிட்டு முடிந்ததும் பேப்பரை எடுத்தேன். அவர்கள் அதைப் பார்க்கவில்லை, வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு, எம்மவ இந்த நடையிலதான நின்னு போயிட்டு வாரேம்மான்னா, அவ அப்பா அடக்கத்துக்குங்கூட வர முடியல, ஆனா சொல்லிட்டுப் போயிருக்கால்லா, வந்து தட்டும்போது கதவு இருக்கணும்லா என்றார்கள். தேரிக்கு அந்தப் பக்கமும் கதவு உண்டு அம்மா என்று சொல்லலாம்தான். பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நீ ஏன் ஆறு வருஷமாக வரவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. லீவு, விசா, உன் வீட்டுக்காரர், அதற்கு மேலே என்னென்னவோ. உன்மேல் கோபமும் இல்லை. இல்லை, கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. உன் அம்மா சொன்னதைத் தப்பாகச் சொல்லி ஓர் ஊரையே வாரிக்கொடுக்கப் பார்த்தவள் நான். இனி இன்னொருவர் வார்த்தைக்கு நானாக அர்த்தம் சொல்ல மாட்டேன். நீ நடையில் நின்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். வருவாய் என்றால், எந்த வீட்டுக்கு வருவாய் என்று சொல். வர மாட்டாய் என்றால் அதையும் உன் வாயால் சொல். பத்தாம் தேதிக்கு முன்னால் சொல், தாயே. அலை அடுப்படிச் சுவரில் இருக்கிறது.

கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காக்கட்டும். உன் அம்மாவையும்.

போயிட்டு வாரேன்,
ஜெபசுதா