லென்ஸ் இல்லை என்று சொன்ன கேமரா

1 பிப்ரவரி 2007, வியாழன். முவைலா, ஷார்ஜா

தைப்பூச நாளில் கேமரா வாங்கியாயிற்று. சாதாரணக் கேமரா இல்லை. லென்ஸைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற டிஜிட்டல் கேமரா. ஷாப்பிங் திருவிழாத் தள்ளுபடி நாளையோடு முடிகிறது என்று துபாயே முட்டி மோதிக்கொண்டிருக்க, நான் ஒற்றை ஆளாக உள்ளே புகுந்து, கோட்டையைப் பிடித்த தளபதி மாதிரி பெட்டியோடு வெளியே வந்தேன். கடையில் என்னையே நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினார்கள். என் மூக்கின் மேல் இருக்கிற மரு, தனித் தாலுகா மாதிரி தெரிந்தது. அவ்வளவு துல்லியம்.

எல்லாம் விஜிக்காக. என் அக்கா பத்மாவின் ஒரே மகள். புருஷன் வருணோடு அல் ஐனில் இருக்கிறாள். வருகிற 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை அங்கேயே வளைகாப்பு. (பஞ்சாங்கம் என்ன சொன்னாலும் இந்த ஊரில் லீவு நாள்தான் நல்ல நாள். இந்த முறை பஞ்சாங்கமும் ஒத்துக்கொண்டது அதிசயம்.) அக்காவால் வர முடியாது. போன மாதம் திண்டுக்கல் வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். விஜியின் அப்பா இறந்து ஆறு வருஷம். ஆகவே நானும் என் மனைவி நாகவள்ளியும்தான் பெண் வீடு.

அக்கா போனில் கேட்டது ஒன்றே ஒன்று. "முத்து, அவ கையில ஒவ்வொரு வளையல் ஏறுறதையும் நான் பார்க்கணும்டா. செல்போன்ல மங்கலா எடுத்து அனுப்பாத."

"நீ நேர்ல வந்தாக்கூட இவ்வளவு தெளிவாப் பார்க்க மாட்டக்கா" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? வருண் அல் ஐனில் கார்மேகம் என்று ஒரு ஸ்டூடியோக்காரரை ஏற்பாடு செய்து வைத்திருந்தான். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஆள், பரமக்குடிக்காரர். நானே அவருக்குப் போன் போட்டு, "தேவையில்லை, நம்மகிட்ட வேற லெவல் கருவி வந்திருக்கு" என்றேன். "சரிங்க சார்" என்றார். ஒரு சாம்ராஜ்யம் சரிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

2 பிப்ரவரி, வெள்ளி

பூஜை. மிக்ஸி முதல் மாருதி வரை, பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் எதுவும் வேலையில் சேர்ந்ததில்லை. "கண்ணாடியில பூசிடாதீங்க" என்றாள் நாகவள்ளி. எனக்குத் தெரியாதா? லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினேன். விளிம்பில் சின்னச் சின்னத் தங்கப் புள்ளிகள் வரிசையாக, யாராவது வந்து பொட்டு வைக்க மாட்டார்களா என்று ஏங்குகிற மாதிரி இருந்தன. வெளியே தெரியாது. படத்தில் விழாது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். ஜப்பான்காரன் அங்கே தங்கப் புள்ளி வைத்ததற்கு அர்த்தம் கண்டுபிடித்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினேன். டிக் என்றது. நாகவள்ளியை ஜன்னலோரம் ராணி மாதிரி நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றும் இல்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. லென்ஸ் மாட்டப்படவில்லையாம்.

மாட்டப்படவில்லையா? முகத்தில் மூக்கு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது என்ன, புடலங்காயா?

3 பிப்ரவரி, சனி

கழற்றி மாட்டினேன். நாற்பது தடவை. நாகவள்ளி நாலு என்கிறாள்.

பேட்டரியை எடுத்துப் போட்டேன். மெமரி கார்டை எடுத்துப் போட்டேன். அணைத்து எழுப்பினேன். முன்கண்ணாடியை என் கல்யாண வேட்டியின் ஓரத்தால் துடைத்தேன். லென்ஸ் இல்லை, லென்ஸ் இல்லை, லென்ஸ் இல்லை. தறுதலை.

"லென்ஸ் என்ன பண்ணும்? உங்களைப் பார்த்துப் பயந்து மூச்சு விடாம இருக்குது" என்றாள் நாகவள்ளி. வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னை நறுக்குகிறாள்.

5 பிப்ரவரி, திங்கள்

கையேட்டைப் படித்தேன். பதினோரு மொழியில் இருக்கிறது, தமிழ் இல்லை. ஆங்கிலப் பகுதி சொல்வது: "லென்ஸைச் சரியாக மாட்டவும்."

இதை எழுதியவன் கையில் கிடைத்தால் ஜூலை மாத மத்தியானம் செருப்பில்லாமல் முவைலா ரோட்டில் நடக்க விடுவேன்.

குளிர்சாதனக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஸ்டோர்கீப்பராக இருக்கிறவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆயிரம் உதிரிபாகத்தைத் தொட்டே பேர் சொல்வேன். இந்த முண்டத்துக்குத் தன் உடம்போடு ஒட்டியிருக்கிற ஒரே ஒரு பாகத்தைத் தெரியவில்லை.

8 பிப்ரவரி, வியாழன்

கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவன், "பாய், லென்ஸ் லகாயா?" என்றான். என்னைப் பார்த்து! லென்ஸ் மாட்டினாயா என்று! மாட்டினேன் ஐயா, மாட்டினேன் என்று எனக்குத் தெரிந்த இந்தி, தெரியாத இந்தி எல்லாவற்றிலும் கத்தினேன். திருவிழாச் சரக்குக்கு எக்ஸ்சேஞ்ச் மாஃபி, கிடையவே கிடையாது, சர்வீஸ் சென்டருக்குப் போ என்று வைத்துவிட்டான்.

விஜி போன் செய்தாள். "மாமா, டெஸ்ட் போட்டோ ஏதாவது அனுப்புங்களேன்."

"வெளிச்சம் சரியில்லம்மா" என்றேன். ஷார்ஜாவில். வெளிச்சம் சரியில்லை.

9 பிப்ரவரி, வெள்ளி

காரணம் பிடிபட்டுவிட்டது. திருஷ்டி. கார்மேகம் அன்று போனில் விட்ட பெருமூச்சு நூற்றைம்பது கிலோமீட்டர் பாலைவனத்தைக் கடந்து வந்து கேமராவில் உட்கார்ந்திருக்கிறது. போன வாரப் பூஜையும் கொஞ்சம் கஞ்சத்தனம்தான், லென்ஸுக்கு மட்டும் வைத்து, கேமராவை அநாதையாக விட்டுவிட்டேன். பொட்டு வைக்காத சம்பந்திவீடு கோபித்துக்கொள்ளாதா?

இன்று தாராளமாக இரண்டு பக்கமும். கேமராவின் வாய்க்குள்ளும் அதே மாதிரித் தங்கப் புள்ளி வரிசை இருக்கிறது. அதன் மேலேயே வைத்தேன்.

இப்போது திரையில் அந்த வரிகூட முழுசாக வரவில்லை. இரண்டு கோடு மட்டும் வந்து மினுக்குகிறது. முன்னேற்றமா? பேச்சே நின்றுவிட்டதா?

10 பிப்ரவரி, சனி

சர்வீஸ் சென்டர். துபாய் போக ரெண்டேகால் மணி நேரம். டிராபிக்கில் நின்ற நேரத்தில் எனக்கு இன்னொரு தலைமுறை முடி நரைத்தது. கவுன்டரில் இருந்த பெண் பையைக்கூடத் திறக்கவில்லை. ஒரு படிவத்தில் என் போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு, விட்டுவிட்டுப் போங்கள், பிப்ரவரி 28ஆம் தேதிக்கு மேல் போன் செய்வோம் என்றாள்.

"வளைகாப்பு இருபத்து மூணாம் தேதி" என்றேன்.

"கங்கிராஜுலேஷன்ஸ் சார்" என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

14 பிப்ரவரி, புதன்

கோடு போய், பழைய வரி திரும்பி வந்துவிட்டது. லென்ஸ் இல்லையாம்.

17 பிப்ரவரி, சனி

அக்கா பேசினாள். வாக்கர் வைத்து நாலடி நடந்தாளாம். "வலிக்கும்போதெல்லாம் போட்டோவைப் பத்தி நினைச்சுக்கிறேன்டா. நர்ஸம்மாகிட்டகூட சொல்லிட்டேன், என் தம்பி எடுக்கிறான்னு."

நன்றாக மாட்டிக்கொண்டேன். என்னத்தைச் சொல்ல. திண்டுக்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் என் புகழ் பரவியிருக்கிறது. இவ்வளவு பெரிய வாய் எனக்கு எதற்கு? யார் கேட்டார்கள்? அந்த ஆளை வரவிடாமல் தடுத்தது யார்? நான்தானே?

நாகவள்ளி கேலி செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தட்டில் தோசையை வைத்துவிட்டு, "அந்தக் கார்மேகத்துக்கு ஒரு போன் போடுங்க" என்றாள்.

மாட்டேன் என்றேன். இந்த முத்துராமன் எடுத்த அடியைப் பின்வைத்ததாக வரலாறே இல்லை.

20 பிப்ரவரி, செவ்வாய்

பின்வைத்தேன். போன் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை வேற புக்கிங் எடுத்துட்டேனே சார்" என்றார் கார்மேகம். கோபமே இல்லை. கொஞ்சம் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

22 பிப்ரவரி, வியாழன். அல் ஐன்

அரை நாள் லீவு போட்டு, கேமராவும் சீர்வரிசையுமாக வந்து சேர்ந்தோம். நாகவள்ளியை விஜி வீட்டில் இறக்கிவிட்டு நேராகக் கார்மேகத்தின் ஸ்டூடியோவுக்குப் போனேன். ஒல்லியான ஆள். பாஸ்போர்ட் போட்டோவுக்காக யாரோ ஒரு பாகிஸ்தான் பட்டாணி டிரைவரின் கழுத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். அது முடிகிற வரைக்கும், பேரரசன் நான், பிளாஸ்டிக் ஸ்டூலில் காத்திருந்தேன்.

லென்ஸைக் கழற்றினார். மூன்று வினாடி பார்த்தார்.

"இது என்ன சார்?"

"சந்தனம்."

"யாருக்கு?"

"கேமராவுக்கு."

அவர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "இந்தப் புள்ளி வழியாத்தான் சார் லென்ஸும் கேமராவும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். நீங்க ரெண்டு வாயையும் அடைச்சு வச்சிருக்கீங்க."

இருபத்தோரு நாள்! மூன்று வாரமாக அதற்கு நான் பட்டாபிஷேகம் செய்துகொண்டிருந்தேன், அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். குங்குமம் சிவப்பாக வந்தது, சந்தனம் கட்டியாக வந்தது. பிறகு பென்சில் ரப்பரால், குழந்தைக்குப் பல் தேய்க்கிற மாதிரி, ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்தார். மாட்டினார். டிக். என் பக்கம் திருப்பி அழுத்தினார். படம்! வாயைப் பிளந்துகொண்டு நான்.

கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் அதற்குள் ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கு முதல் வளையல் யார் சார் போடுறது?"

"நான்தான். அப்பா இல்லாத பொண்ணு, முதல் வளையல் தாய்மாமன் கையாலதான்னு அக்கா உத்தரவு."

"அப்ப கேமராவை யார் சார் பிடிக்கிறது?"

மூன்று வாரம். பதினோரு மொழிக் கையேடு. ஒரு சர்வீஸ் சென்டர். இது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

"என்னோட புக்கிங் சாயங்காலம்தான் சார், ஒரு பர்த்டே" என்றார் அவர், பஞ்சைக் குப்பையில் போட்டுக்கொண்டே. "நீங்க நேரம் கேக்கவே இல்லையே. போனை வச்சுட்டீங்க."

கேட்டேன். வாயைத் திறந்து, வேற லெவல் எதுவும் இல்லாமல், "நாளைக்கு வந்து எடுத்துக் கொடுங்க தம்பி" என்று கேட்டேன்.

"சரிங்க சார்" என்றார். அதே இரண்டு வார்த்தை.

23 பிப்ரவரி, வெள்ளி

நல்லபடியாக முடிந்தது. வருணின் பில்டிங்கில் கீழே இருக்கிற ஹால்தான், ஆனால் தேவலோகமே அங்கே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கார்மேகம் என் கேமராவோடு நாற்காலி மேல் ஏறினார், தரையில் படுத்தார். என்னை ஒரு தடவைகூடத் தொட விடவில்லை. விஜியின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். கால் கடுக்கிறது. தூங்கப் போகிறேன்.

28 பிப்ரவரி, புதன்

சர்வீஸ் சென்டரிலிருந்து போன். கேமரா கொண்டு வருகிறீர்களா என்று. "லென்ஸ் இல்லை" என்று வைத்துவிட்டேன்.

9 மார்ச், வெள்ளி

வருணின் ஆபீஸ்காரர் ஒருவர் லீவில் திருச்சி போனார். கார்மேகம் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்த நூற்றிருபது படங்களும் அவர் கையோடு அக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இன்று காலையில் பேசினாள். ஒவ்வொன்றாக வரிசை சொல்லிப் பேசினாள். வளையல் ஒவ்வொன்றும் தெரிகிறதாம். பச்சை எது, சிவப்பு எது, தங்கத்தில் எத்தனை, எல்லாம்.

அப்புறம், "முத்து, முதல் வளையல் போடுற படத்துல நீ அழுதிருக்கியேடா" என்றாள்.

"சாம்பிராணிப் புகைக்கா."

"அந்த ஹால்ல புகை போட்டா அலாரம் அடிக்கும், ஊதுபத்திகூட ஏத்தலைன்னு விஜி சொன்னாளே."

லைன் சரியில்லை என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுவது பக்கத்து அறையில் இருந்து வருகிற மாதிரி கேட்டது.

வைத்ததும் கார்மேகத்துக்குப் போன் போட்டேன், அந்த ஒரு படத்தை மட்டும் அழித்துவிடச் சொல்ல.

"எது சார்?"

"விஜி கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள் உக்காந்திருப்பான்ல."

"ஆமா சார். எடுத்ததுலயே அதுதான் சார் நல்லா வந்திருக்கு."



"பெரிய சைஸ்ல ரெண்டு போடுங்க" என்றேன். "ஒண்ணு திண்டுக்கல்லுக்கு."